பெயரை அழிக்கும் முன் காரணத்தைச் சொல்லுங்கள்

தமிழ்நாடு சட்டப்பேரவை உறுப்பினர்களுக்கும் எல்லாக் கட்சித் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

தெருக்கள், சாலைகள், குளங்களின் பெயரில் ஒட்டியிருக்கும் சாதியை நீக்கச் சொல்லி 2025 அக்டோபரில் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பைச் சுட்டும் இழிசொல்லாகிப்போன 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களில் இருந்து எடுக்கப்படும் என்று அதே ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் அறிவித்திருந்தார். இரண்டையும் மனமார வரவேற்றவன் நான். திருநெல்வேலி, விருதுநகர் மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியன். இந்த ஆணையை வைத்துக்கொண்டு உங்கள் கட்சிகள் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர்க் கிராமசபையில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரின் கிழக்கோரம் ஒரு குடியிருப்பு. அதற்கு ஊரார் வைத்த பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. குடும்ப அட்டையில், ஆதாரில், வாக்காளர் அட்டையில் அதுதான் அவர்கள் முகவரி. செவிலியர் படிப்பு முடித்த பெண் ஒருவர் எழுந்து, வேலைக்கு விண்ணப்பம் போடும்போது முகவரிக் கட்டத்தில் கை நின்றுவிடுகிறது, இந்தப் பெயரை மாற்றிக்கொடுங்கள் என்று கேட்டார். அவர் குரலில் கெஞ்சல் இல்லை. அவ்வளவுதான் பேசினார், உட்கார்ந்துவிட்டார். உடனே பின்வரிசையில் இருந்து ஒருவர், "உங்க தெருப் பேரை மாத்திக்கோங்க, யாரு வேண்டாம்னா? எங்க தெருவை எதுக்குத் தொடுறீங்க?" என்று கேட்டார். பெரிய தெருவின் பெயரிலும் சாதி இருக்கிறது. ஆணைப்படி அதுவும் பட்டியலில் வரவேண்டும். கூட்டத்தில் சலசலப்பு. முன்வரிசை நாற்காலிகளில் மூன்று கட்சிகளின் பொறுப்பாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூவரில் ஒருவராவது எழுந்து, 'இது அரசாணை, இரண்டு தெருவுக்கும் ஒரே நியாயம்தான்' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தில் விவாதிக்கலாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி மூடிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அந்த மூவரில் ஒருவர், என்னிடம் படித்தவர்தான், தோளைத் தொட்டு ஒதுக்குப்புறமாக அழைத்துப்போனார். "சார், அந்தப் பக்கம் இருநூறு ஓட்டு. இந்தப் பக்கம் எழுநூறு. நான் யார் பேச்சைக் கேக்கணும்னு நீங்களே சொல்லுங்க." பக்கத்தில் நின்ற இன்னொரு கட்சிக்காரர், "அண்ணாச்சி சொல்றது சரிதான் சார்" என்றார். மேடையில் ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டும் இரண்டு கட்சிகள் இந்த ஒரு விஷயத்தில் ஒரே வாக்கியத்தைப் பேசின.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தக் கணக்கை அவர் உங்களிடம்தான் கற்றார்.

1997-இல் நான் விருதுநகர் மாவட்டத்தில் வேலை பார்த்தேன். தினமும் பள்ளிக்குப் போய்வருவது அரசுப் பேருந்தில்தான். அன்றைக்கு ஒவ்வொரு போக்குவரத்துக் கழகத்துக்கும் ஒரு பெயர். சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன், தீரன் சின்னமலை, மருதுபாண்டியர், ராணி மங்கம்மாள், நேசமணி, ஜீவா, தந்தை பெரியார் என்று பேருந்தின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் இருக்கும். ஏறுபவர் எவரும் அந்தப் பெயருக்கு உரியவர் என்ன சாதி என்று கேட்டு ஏறியதில்லை. அந்த ஆண்டு விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு புதிய கழகம் தொடங்கினார்கள். வீரன் சுந்தரலிங்கம் போக்குவரத்துக் கழகம் என்று அதற்குப் பெயர். கட்டபொம்மனின் படைத்தளபதி, கவர்னகிரிக்காரர், வெள்ளையரை எதிர்த்து உயிர்விட்டவர். அவர் பிறந்தது தேவேந்திரகுல சமூகத்தில். அந்த ஒரே காரணத்துக்காக அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள்.

நான் ஏறும் நிறுத்தத்திலேயே அதைப் பார்த்தேன். பேருந்து வந்து நின்றது. எனக்கு நன்றாகத் தெரிந்த பெரியவர், தினமும் என்னோடு வருபவர், நகரவில்லை. "நீங்க போங்க சார், நான் அடுத்த வண்டியில வாறேன்" என்றார். அடுத்த வண்டி ஒரு மணி நேரம் கழித்துத்தான். நிழற்குடைகூட இல்லாத இடம். உச்சி வெயிலில் அவரும் இன்னும் பலரும் நின்றார்கள். படியில் நின்ற நடத்துநர் ஒரு நிமிடம் எல்லோரையும் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். காலி இருக்கைகளோடு வண்டி புறப்பட்டது.

அப்புறம் கல்வீச்சு, கலவரம், உயிர்ச்சேதம். அமைதியைக் கொண்டுவர அரசுக்கு இருந்த நெருக்கடியை நான் மறுக்கவில்லை. ஆனால் அரசு எடுத்த முடிவு என்ன? சுந்தரலிங்கத்தின் பெயரை மட்டும் எடுத்தால் ஒரு பக்கம் கோபம். அப்படியே வைத்திருந்தால் இன்னொரு பக்கம் கோபம். ஆகவே எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டார்கள். எல்லாமே தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. மாவட்டங்களும் அப்படியே: கட்டபொம்மன் பெயர் போய் திருநெல்வேலி, சிதம்பரனார் போய் தூத்துக்குடி, காமராசர் போய் விருதுநகர். சாதியை ஒழிக்க வாழ்நாளெல்லாம் பாடுபட்ட பெரியாரின் பெயரும் பேருந்தில் இருந்து அழிக்கப்பட்டது. எங்கள் பக்கத்து வண்டிகளில் அவசரமாகப் பூசிய பெயின்டுக்கு அடியில் பழைய எழுத்துகள் ரொம்ப நாள் தெரிந்துகொண்டிருந்தன.

பார்ப்பதற்கு நடுநிலையான முடிவுதான். ஆனால் அந்த முடிவினால் ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் தப்பிக்க முடிந்தது. 'ஒரு தாழ்த்தப்பட்ட சமூகத்து வீரனின் பெயர் இருக்கிறது என்பதற்காகப் பேருந்தில் ஏற மறுப்பது தவறு' என்ற வாக்கியம். அதை ஆளும் கட்சி சொல்லியிருக்க வேண்டும், எதிர்க்கட்சிகளும் சேர்ந்து சொல்லியிருக்க வேண்டும். ஊர் ஊராக வந்து சொல்லியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. மறுத்தவர்கள் 'நாங்கள் நினைத்ததை நடத்திவிட்டோம்' என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரில் முதன்முதலாகத் தங்களைப் பார்த்துப் பெருமைப்பட்டவர்கள், 'நமக்கு ஒன்று கிடைத்தால் ஊருக்கே இல்லாமல் செய்துவிடுவார்கள்' என்று எடுத்துக்கொண்டார்கள். என் வகுப்பில் இருந்த பையன்களே இரண்டு விதமாகவும் பேசினார்கள்.

அன்று பள்ளியில் இருந்த பிள்ளைகளின் பிள்ளைகள்தான் பிறகு கையில் கயிறு கட்டி வந்தார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி. எந்த நிறம் எந்தச் சாதி என்று எங்கள் பகுதியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். காலை வணக்கத்தில் வரிசையாக நிற்கும்போது முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். ஆசிரியர் தாண்டியதும் கை மேலே போகும். ஒரு பையனிடம் அவிழ்க்கச் சொன்னால் மறுநாள் அவன் அப்பா வருவார். கூடவே கரைவேட்டி கட்டிய ஒருவரும் வருவார். 'சாமிக் கயிறு சார், அதைப் போய்...' என்று அவர்தான் பேசுவார், அப்பா பேசமாட்டார். கோயில் கயிற்றுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தப் பையனுக்கு எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும்.

2019-இல் இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வி இயக்குநரிடம் இருந்து சுற்றறிக்கை வந்தபோது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பெரிய தெம்பாக இருந்தது. 'அரசே சொல்லியிருக்கிறது தம்பி' என்று சொல்ல ஒரு தாள் கிடைத்தது. அந்தத் தெம்பு சில நாள்கூட நீடிக்கவில்லை. இது இந்துக்களுக்கு எதிரானது என்று பாஜக தரப்பில் இருந்து குரல் எழும்பியது. பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய அதிமுக அரசின் கல்வி அமைச்சர் சொல்லிவிட்டார். சாதிக் கயிற்றைப் பற்றிய பேச்சு ஒரே நாளில் சாமிக் கயிற்றைப் பற்றிய பேச்சாக மாறியது. கயிற்றைக் கட்டியிருந்த பையன்கள் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் வந்தார்கள். சட்டைக் கையை இழுத்து மறைக்கும் வேலைகூட அதற்குப் பிறகு இல்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. இந்த மாவட்டத்தில் பாடம் நடத்திய ஒவ்வொருவரும் அன்று தங்கள் வகுப்பறைகளை நினைத்துப் பார்த்திருப்பார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் வேண்டாம், பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள் என்று பல பரிந்துரைகள். எல்லாமே சரி என்று நான் சொல்லவரவில்லை. நெற்றியில் இடும் திருநீற்றையும் குங்குமத்தையும் சாதிக் கயிற்றோடு ஒரே வரிசையில் வைத்தது பற்றி எனக்கே கேள்வி உண்டு. அதை விவாதிக்கலாம். ஆனால் உங்களிடையே நடந்தது விவாதமா? ஒரு கட்சி நெற்றிப் பொட்டை மட்டும் பிடித்துக்கொண்டு அறிக்கை முழுவதையும் எதிர்த்தது. கள்ளர் சமூகப் பிள்ளைகளுக்காக அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் பெயரைத் தொடக்கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. அந்தச் சமூகத்தின் வாக்குகள் தேவைப்பட்டவர்கள் அந்த எதிர்ப்போடு நின்றார்கள், மற்றவர்கள் வாய்திறக்கவில்லை. வெட்டுப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய பேச்சு இதற்குள் எங்கேயும் இல்லை.

அரசாணை வந்த அதே அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டது. ஜி.டி. நாயுடு மேம்பாலம். அந்த மாமனிதருக்கு எந்தப் பெருமை செய்தாலும் தகும். மக்கள் அவரை அந்தப் பெயரில்தான் அறிவார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விளக்கத்தை ஆணையிலேயே, எது விலக்கு, ஏன் விலக்கு என்று முதலிலேயே எல்லோருக்கும் புரியும்படி சொல்லியிருந்தால் எங்கள் ஊர்ப் பின்வரிசைக்காரர் கையில் அது ஆயுதமாகியிருக்காது. 'அங்க மட்டும் இருக்கலாமா?' என்று அவர் கேட்டபோது கூட்டத்தில் யாரிடமும் பதில் இல்லை. எதிர்க்கட்சிகளும் அதே கேள்வியைத்தான் எழுப்பின. ஆனால் அந்தக் கேள்வியை எழுப்பிய எவரும், 'சரி, எங்கள் பகுதியில் இன்னின்ன தெருப் பெயர்களை நாங்களே முன்னின்று மாற்றுகிறோம்' என்று தொடர்ந்து சொல்லி நான் கேட்கவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் இல்லை. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடி பல பத்தாண்டுகள் சட்டமன்ற வளாகத்தில் பறந்தது. குவிமாடத்தில் இருந்து அதை இறக்கலாம் என்று 1996-இல் சொன்ன ஆளுநர் டேவிட் பீஸ்லி 1998 தேர்தலில் தோற்றார். அதோடு பலருக்கும் வாய் அடைத்தது. 2000-இல் ஒரு சமரசம் செய்து குவிமாடத்தில் இருந்து இறக்கி, அதே வளாகத்தின் போர் நினைவுச் சின்னத்தருகே நட்டார்கள். 2014-இல் ஆளுநர் நிக்கி ஹேலி, இந்தக் கொடியைப் பற்றி ஒரு நிறுவனத் தலைவர்கூடத் தன்னிடம் பேசியதில்லை என்று விவாத மேடையில் சொன்னார். அந்தக் கொடியைத் தினமும் பார்த்துக்கொண்டு நடந்த கறுப்பின மக்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் வழிபாட்டுக்கு வந்த ஒன்பது பேரை வெள்ளை இனவெறியன் சுட்டுக்கொன்றான். ஐந்தாவது நாள் அதே ஆளுநர் கொடியை இறக்கச் சொன்னார். ஜூலை 10 அன்று இறக்கினார்கள். ஒன்பது உயிர் போன பிறகுதான் அந்த மாநில அரசியல்வாதிகளின் கூட்டல் கழித்தல் மாறியது. நாங்குநேரிக்குப் பிறகும் நம்முடையது மாறவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே கீழவையில் 94 பேர் ஆதரவாகவும் 20 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று பெயரோடு பதிவாகியிருக்கிறது. அவர்கள் பேரப்பிள்ளைகளும் அதைப் பார்க்க முடியும்.

நம் பேரவையில் குரல் வாக்கெடுப்பு முடிந்ததும் யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதற்குத் தடம் இருக்காது. வெளியே போய் ஒரு தெருவில் ஒன்றும் அடுத்த தெருவில் வேறொன்றும் பேச அது வசதியாக இருக்கிறது.

1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிடத் தீர்மானம் போட்ட மண் இது. வெளிமாநிலத்தில் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் பள்ளி வாசலில், பேருந்து நிறுத்தத்தை மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆண்டும் ஒரு ஃப்ளெக்ஸ் வைப்பார்கள். மேலே ஒரு சமூகத் தலைவரின் படம், அதே அளவில் சட்டமன்ற உறுப்பினரின் படம், கைகூப்பிச் சிரித்துக்கொண்டு. கீழே தபால்தலை அளவில் நாற்பது ஐம்பது முகங்கள். அதில் என் பத்தாம் வகுப்பு மாணவர்கள் கூலிங் கிளாஸ் போட்டு நிற்பார்கள். வருகைப் பதிவேட்டில் நான் வெறும் பெயராக எழுதும் பையனுக்கு அங்கே பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்கும். கொஞ்ச நாளில் இன்னொரு சமூகத்துக்கு இன்னொரு ஃப்ளெக்ஸ், அதிலும் அதே சட்டமன்ற உறுப்பினர். இரண்டு தரப்புப் பையன்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் 'சாதி அடையாளம் வேண்டாம்' என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

நான் என்ன சாதி என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் மேலே உள்ள ஒவ்வொரு வரியையும் அதை வைத்துத்தான் எடை போடுவீர்கள்.

உங்களிடம் கேட்பது இவைதான்.

சாதி அடையாளத்தை நீக்குவது பற்றிய எந்த முடிவையும் பேரவையில் முழுமையாக விவாதியுங்கள். குரல் வாக்கெடுப்போடு விடாமல் உறுப்பினர்வாரியாகப் பதிவு செய்யுங்கள். ஆளும் தரப்பு அதைச் செய்யாவிட்டால் எதிர்த்தரப்பு எழுந்து டிவிஷன், அதாவது ஒவ்வொருவர் வாக்கையும் எண்ணும் வாக்கெடுப்பு, கேட்கட்டும். எந்த அடையாளம், யாரை எப்படிக் காயப்படுத்துகிறது, அதனால் ஏன் எடுக்கிறோம் என்ற காரணம் ஆணையிலேயே இருக்கட்டும். விலக்கு உண்டென்றால் அதற்கும் காரணம் இருக்கட்டும்.

நீதிபதி சந்துரு குழுவின் பரிந்துரைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்று ஒவ்வொரு கட்சியும் ஒவ்வொரு பரிந்துரைக்கும் தனித்தனியாக எழுத்தில் சொல்லுங்கள். மொத்தமாக வரவேற்கிறோம், மொத்தமாக நிராகரிக்கிறோம் என்ற அறிக்கைகள் எங்களுக்குப் பயன்படவில்லை. கயிறு அவிழ்க்கச் சொல்லும் ஆசிரியரிடம் உங்கள் கட்சிக்காரர் யாரும் சிபாரிசுக்கு வரக்கூடாது என்று உங்கள் மாவட்டச் செயலாளர்களுக்கு உத்தரவு போடுங்கள்.

தெருப் பெயர்களில், இழிவைச் சுமந்துகொண்டு இருக்கும் குடியிருப்புகளின் பெயரை முதலில் மாற்றுங்கள். புதுப் பெயர் என்ன என்பதை அங்கே குடியிருப்பவர்கள் முடிவு செய்யட்டும். பெரிய தெருவின் சம்மதத்துக்காக அவர்களைக் காத்திருக்க வைக்காதீர்கள். அவர்கள் விரும்பும் பெயருக்கு எதிர்ப்பு வந்தால், 1997-இல் செய்ததுபோல் எல்லோர் பெயரையும் எடுத்துவிட்டுச் சமன் செய்தோம் என்று சொல்லாதீர்கள். அந்த ஊருக்கு நேரில் வந்து, எதிர்ப்பவர்கள் முன்னால் நின்று, அது தவறு என்று சொல்லுங்கள். பெயர் மாறியதும் குடும்ப அட்டை, ஆதார், பட்டா எல்லாவற்றிலும் திருத்தம் அந்தத் தெருவிலேயே முகாம் போட்டுக் கட்டணம் இல்லாமல் நடக்கவேண்டும். நாள் கூலியை விட்டுவிட்டு அவர்கள் தாலுகா ஆபீஸுக்கு அலையக்கூடாது.

பள்ளி மாணவர்களின் படம் போட்ட சாதி ஃப்ளெக்ஸில் உங்கள் படம் இருந்தால் நீங்களே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதை இறக்கச் செய்யுங்கள். 'எனக்குத் தெரியாமல் வைத்துவிட்டார்கள்' என்ற பதிலை இனிமேல் சொல்லாதீர்கள்.

எங்கள் ஊராட்சியின் அடுத்த கிராமசபைக்கு எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் நேரில் வரவேண்டும். அந்தப் பெண்ணின் கோரிக்கையை ஆதரித்து முதல் ஆளாக அவர் பேசவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்